ஜோசெஃபோ சார்லினோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய இசையில் ஹார்மனி, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் கலை, படிக்கத் தொடங்குபவர்கள் ஆரம்ப நாள்களிலேயே ஒரு தடை உத்தரவைச் சந்திக்கிறார்கள். இரண்டு குரல்கள் பஞ்சம (ச–ப) இடைவெளியை விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்தடுத்த சுரங்களுக்கு நகரக் கூடாது. ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால், பதினாறாம் நூற்றாண்டு வெனிஸில் வாழ்ந்த ஒரு பாதிரியாரிடம் போய் நிற்போம். அவரைப் பற்றி இசை மாணவர்களும் ரசிகர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சார்லினோ யார்?

இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குத் தெற்கே, அதே உப்பங்கழியின் ஓரத்தில் கியோஜா என்ற மீனவ ஊர் இருக்கிறது. 1517இல் அங்கே பிறந்தார். பிரான்சிஸ்கன் துறவிகளிடம் கல்வி கற்றார். ஊர்த் தேவாலயத்தில் பாடகராகவும் பிறகு ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்தார். 1541இல் வெனிஸுக்கு வந்து அட்ரியான் வில்லார்ட்டிடம் மாணவராகச் சேர்ந்தார். வாழ்க்கையில் அவர் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். வில்லார்ட் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தவர். சான் மார்க்கோ தேவாலயத்தின் இசைத் தலைவர். பல குரல் இசையில் அன்றைய இத்தாலியின் பெரிய வாத்தியார். சார்லினோ பின்னாளில் எழுதிய ஒவ்வொரு விதிக்கும் பின்னால் வில்லார்ட்டின் கைவண்ணம் தெரியும். அதை அவர் மறைக்கவும் இல்லை. குருவைப் புதிய பித்தகோரஸ் என்றே கொண்டாடினார்.

வெனிஸிலேயே 1590 பிப்ரவரியில் இறந்தார்.

சான் மார்க்கோ பதவி அவ்வளவு பெரியதா?

ஆம். சான் மார்க்கோ அன்று நகரத்தின் ஆயர் தேவாலயம் அல்ல. வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜேயின் சொந்த ஆலயம். அங்கே ஒலிக்கும் இசை அரசின் குரலாகவே கருதப்பட்டது. இசைத் தலைவரை நியமித்தவர்களும் அரசின் அதிகாரிகள்தாம். வில்லார்ட் 1562இல் இறந்த பிறகு சிப்ரியானோ தெ ரோரே சிறிது காலம் அந்த இடத்தில் இருந்துவிட்டு விலகினார். 1565இல் சார்லினோ வந்தார். சாகும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

அவருக்குக் கீழே வேலை செய்தவர்களின் பெயர்களைப் பார்த்தாலே அந்த இடத்தின் மதிப்பு புரிந்துவிடும். ஆர்கனில் கிளாடியோ மெருலோவும் ஆந்திரேயா கப்ரியேலியும், பிறகு ஜொவான்னி கப்ரியேலியும் இருந்தார்கள். 1568இல் ஆலயத்துக்கென்று நிரந்தர வாத்தியக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இரண்டு ஆர்கன்கள் எதிரெதிர் மாடங்களில் இருந்தன. பாடகர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து மாறி மாறிப் பாடவைக்கும் வழக்கத்துக்கு வில்லார்ட் பெயர்பெற்றவர். அதை எப்படி எழுத வேண்டும் என்ற நடைமுறை அறிவுரையை சார்லினோ தருகிறார்: ஒவ்வொரு குழுவின் இசையும் தனித்து நின்றாலும் முழுமையாக ஒலிக்க வேண்டும், இரு குழுக்களும் சேரும் இடத்தில் கீழ்க் குரல்கள் ஒரே சுரத்தில் அல்லது ஒரு ஸ்தாயி இடைவெளியில் போக வேண்டும். தூரத்தில் நிற்கும் ஒரு குழுவின் அருகே அமர்ந்திருப்பவருக்கும் அடித்தளச் சுரம் காதில் விழ வேண்டுமல்லவா? அந்த மாடங்களுக்குக் கீழே நின்று காது கொடுத்துக் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும்.

அவருடைய பெரிய நூல் எது?

1558இல் வெனிஸில் அச்சான ‘லே இஸ்தித்துத்சியோனி ஆர்மோனிகே’. ‘ஒத்திசையின் அடிப்படைகள்’ என்று சொல்லலாம். லத்தீனில் எழுதாமல் இத்தாலிய மொழியில் எழுதினார். நான்கு பாகங்கள். முதல் பாகம் எண்களும் விகிதங்களும். இரண்டாவது, கிரேக்கர்களின் இசையும் சுருதி அமைப்பும். மூன்றாவது கவுண்டர்பாயிண்ட், அதாவது குரலுக்கு எதிராகக் குரலை எழுதும் கலை. நான்காவது, இசை முறைகளும் (மோடுகள், அதாவது மெட்டுக்கு அடிப்படையான சுர வரிசைகள்) பாடல் வரிகளை இசையில் பொருத்தும் வழிகளும்.

அதுவரை இசை பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் எண்களைப் பற்றித் தத்துவம் பேசுவார்கள், பாடத் தெரியாது. இன்னொரு வகையினர் பாடகர்களுக்குச் சட்டதிட்டம் சொல்வார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். சார்லினோ இரண்டு வேலைகளையும் ஒரே நூலில் செய்ய முயன்றார். என் கணிப்பில் அவர் சொன்ன காரணங்களில் பாதி நிற்கவில்லை, விதிகள் நின்றுவிட்டன. விதிகள் வில்லார்ட்டின் இசையைக் கேட்டு வந்தவை, காரணங்கள் பிறகு தேடப்பட்டவை என்பதுதான் அதற்கு விளக்கம்.

காரணம் தேட வேண்டிய அவசியம் என்ன வந்தது?

பழைய கோட்பாடு காதோடு ஒத்துப்போகவில்லை. பித்தகோரஸ் வழிவந்தவர்கள் 1, 2, 3, 4 ஆகிய எண்களால் ஆன விகிதங்களையே இனிய இடைவெளிகளாக ஏற்றார்கள். 2:1 என்றால் ஸ்தாயி. 3:2 என்றால் ச–ப. 4:3 என்றால் ச–ம. அவ்வளவுதான். காந்தாரத்தை இந்த வழியில் அடைய, பஞ்சம இடைவெளியை நான்கு முறை மேலே அடுக்கி, பிறகு இரண்டு ஸ்தாயி கீழே இறக்க வேண்டும். கணக்கு 81:64 என்று வரும். அது சற்றே கூர்மையான, உறுத்தும் காந்தாரம். அதனால் ஏட்டில் அது இனிமையற்ற இடைவெளி.

ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே பாடகர்கள் ச–க இடைவெளியை இனிமையாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பல குரல் இசை முழுவதும் அதன் மேல்தான் நின்றது. அவர்கள் பாடியது 80:64க்கு, அதாவது 5:4க்கு நெருக்கமான காந்தாரம். நம் ஊர் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில், காந்தாரத்துக்கென்று தந்தி இல்லாமலேயே ஷட்ஜத் தந்தியிலிருந்து ஒரு அந்தர காந்தாரம் எழும்புமே, அது இந்த 5:4தான்.

81:64க்கும் 80:64க்கும் உள்ள வித்தியாசம் 81:80. இதைக் கொம்மா என்பார்கள். ஏறக்குறைய அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் துளிக்காகத்தான் பின்னால் வரும் சண்டை எல்லாம்.

அவர் என்ன தீர்வு சொன்னார்?

எல்லையை நான்கிலிருந்து ஆறுக்கு நகர்த்தினார். 1 முதல் 6 வரையுள்ள எண்களை அவர் ‘செனாரியோ’ என்று அழைத்தார். இப்போது 5:4 உள்ளே வந்துவிட்டது; 6:5, 5:3 ஆகியவையும் வந்துவிட்டன. பாடகர்கள் பாடியது சட்டபூர்வமாகிவிட்டது.

ஆறு ஏன்? இங்கேதான் மனிதர் சுவாரசியமாகிறார். 1+2+3=6 என்பதால் அது நிறைவெண். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது. பன்னிரண்டு ராசிகளில் ஆறு எப்போதும் அடிவானத்துக்கு மேலே இருக்கின்றன. இப்படி அடுக்கிக்கொண்டே போகிறார். படிக்கும்போது கொஞ்சம் புன்னகை வரத்தான் செய்யும். அதோடு ஓர் ஓட்டையும் இருந்தது. 8:5 என்ற இடைவெளியும் காதுக்கு இனிமையானதே. ஆனால் எட்டு, ஆறைத் தாண்டிவிட்டது. அதற்கு, 4:3ஐயும் 6:5ஐயும் சேர்த்தால் 8:5 கிடைக்கிறது, ஆகவே அது உள்ளிருப்பவற்றின் கூட்டுதான் என்று சமாளித்தார். தேர்ந்த வழக்கறிஞரின் வாதம்.

மேஜர், மைனர் இரண்டையும் கண்டுபிடித்தவர் அவர்தானா?

கண்டுபிடித்தார் என்பது மிகை. ஆனால் அந்த இரண்டையும் ஒரே பொருளின் இரு முகங்களாக முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர். இதை ஒரு தந்தியில் செய்து பார்க்கலாம்.

90 செ.மீ. நீளமுள்ள தந்தி ஷட்ஜம் தருகிறது என்று வையுங்கள். 60 செ.மீ.இல் அழுத்தினால் பஞ்சமம். இடையில் மூன்றாவது சுரத்தை எங்கே வைப்பது? 90க்கும் 60க்கும் சரிபாதி 75. அங்கே அழுத்தினால் 90:75 = 6:5, அதாவது சாதாரண காந்தாரம்; மூன்றும் சேர்ந்தால் மைனர் கார்டு. இது கூட்டுச் சராசரி. இசைச் சராசரி என்று கணிதத்தில் ஒன்று உண்டு. அதன்படி இடைப்புள்ளி 72. அங்கே 90:72 = 5:4, அந்தர காந்தாரம்; மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. விரல் மூன்று செ.மீ. நகர்கிறது, இசையின் முகமே மாறிவிடுகிறது.

முதலாவது வகைப் பிரிப்பு துயரமாகவும் இரண்டாவது மகிழ்ச்சியாகவும் ஒலிக்கும் என்று சார்லினோ எழுதினார். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று இன்று பியானோ வகுப்புகளில் சொல்லித்தருவதன் மூத்த வடிவம் இது. நூலில் எனக்கு மிகப் பிடித்தது இந்த இடம்தான். ராசிகளும் படைப்பு நாள்களும் இல்லாமல், வெறும் தந்தியும் அளவுகோலுமாக நிற்கும் வாதம்.

எல்லா இடைவெளிகளையும் தூய விகிதத்தில் பாட முடியுமா?

முடியாது. அதை அவருடைய காலத்திலேயே நிரூபித்துவிட்டார்கள். ஜொவான்னி பத்திஸ்தா பெனெதெத்தி என்ற கணித அறிஞர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் இதைக் காட்டினார். அவை 1585இல் அச்சில் வந்தன. அவருடைய வாதத்தின் சாரத்தை இப்படிச் சொல்லலாம். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறுங்கள். அங்கிருந்து ரிஷபத்துக்கு இறங்கி, மீண்டும் தைவதத்துக்கு ஏறி, காந்தாரத்துக்கு இறங்குங்கள். ஒவ்வொரு அடியும் 3:2, 4:3 என்று துல்லியமாக இருக்கட்டும். கடைசியில் காந்தாரத்திலிருந்து தூய 5:4 அளவில் ஷட்ஜத்துக்கு இறங்குங்கள். நீங்கள் வந்து சேரும் ஷட்ஜம், கிளம்பிய ஷட்ஜம் அல்ல. ஒரு கொம்மா உயர்ந்திருக்கும். இதையே ஐந்து முறை சுற்றினால் ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும்.

சார்லினோ இதற்கு அசைந்து கொடுக்கவில்லை. மனிதக் குரல் இயற்கையின் கருவி, அது தூய விகிதங்களைத் தானே தேடிப் போகும். விசைப்பலகை செயற்கைக் கருவி, அதற்கு மட்டும்தான் சமரசம் தேவை என்றார். அந்தச் சமரசத்தையும் அவரே கணக்கிட்டுத் தந்தார்: ஒவ்வொரு பஞ்சமத்தையும் கொம்மாவில் ஏழில் இரண்டு பங்கு குறைத்துச் சேர்ப்பது. அப்படிச் செய்தால் இரண்டு காந்தாரங்களும் கொம்மாவில் ஏழில் ஒரு பங்கு மட்டும் குறையும். யாருக்கும் முழு நியாயம் இல்லை, யாருக்கும் பெரிய அநியாயமும் இல்லை. இந்த வகைச் சுருதியமைப்பைக் கணித அளவோடு முதன்முதலில் எழுதிவைத்தவர் அவரே. 1548இல் தொமெனிகோ பெசரேசே என்ற கைவினைஞரிடம் சொல்லி, ஸ்தாயிக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பத்தொன்பது கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டு ஒன்றையும் செய்துகொண்டார்.

கலிலியோவின் அப்பாவோடு சண்டை என்கிறார்களே?

வின்சென்சோ கலிலேய் லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை. 1560களில் ஃபிளாரன்ஸ் பிரபு ஜொவான்னி தெ பார்தியின் உதவியோடு வெனிஸுக்கு வந்து சார்லினோவிடமே படித்தவர். பிறகு கிரேக்க இசை பற்றி ஆராய்ந்த ஜிரோலாமோ மேய் என்பவரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது, மனம் மாறிவிட்டது. 1581இல் ‘பழைய இசையும் புதிய இசையும்’ பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டு, ஆசிரியரை நேரடியாகத் தாக்கினார்.

தாக்குதலில் இரண்டு முனைகள் இருந்தன. ஒன்று, பாடகர்கள் சார்லினோ சொன்ன சுருதியில் பாடவே இல்லை என்பது. மற்றொன்று இன்னும் அடிப்படையானது. நான்கு ஐந்து குரல்கள் ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு சொல்லைப் பாடினால் கேட்பவருக்குப் பாடல் எப்படிப் புரியும், உணர்ச்சி எப்படி ஏறும் என்று கேட்டார். கிரேக்கர்கள்போல் ஒற்றை மெட்டே போதும் என்றார். ஃபிளாரன்ஸில் ஓபரா பிறந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு வித்து.

சார்லினோ 1588இல் ‘சொப்ளிமெந்தி’ என்ற நூலில் பதில் சொன்னார். அதில் லூட்டுக்குச் சம அளவு அரைச்சுரங்கள் அமைக்கும் வழிகளையும் விளக்கினார். தூய விகிதத்தின் காவலர் சமச் சுருதிக்கும் கணக்குப் போட்டுத் தந்தது வேடிக்கைதான். கலிலேய் 1589இல் மறுபடி எழுதினார். இந்த முறை கையில் ஒரு சோதனை இருந்தது. சம்மட்டியின் எடை இரண்டு மடங்கானால் ஸ்தாயி கேட்கும் என்ற பித்தகோரஸ் கதை நூலுக்கு நூல் ஏறி வந்துகொண்டிருந்தது. கலிலேய் தந்தியில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மேல் ஷட்ஜம் வர எடை இரண்டு மடங்கு போதவில்லை, நான்கு மடங்கு வேண்டியிருந்தது. நீளத்துக்கு 2:1, இழுவிசைக்கு 4:1. அப்படியானால் ‘ஸ்தாயி என்றால் 2:1’ என்ற புனித எண்ணுக்கு என்ன ஆயிற்று?

சண்டையில் யார் வென்றார் என்றால், சோதனை விஷயத்தில் மாணவர்தான். ஆனால் கவுண்டர்பாயிண்டை இன்றும் நாம் ஆசிரியரின் வழியில்தான் கற்கிறோம்.

பஞ்சமங்கள் அடுத்தடுத்து வரக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம்?

வேற்றுமையிலிருந்துதான் ஒத்திசை பிறக்கிறது என்பது அவருடைய அடிப்படை. ஒரே வகை முழு இனிமையை இரண்டு குரல்கள் தொடர்ந்து சுமந்து சென்றால் அவை இரண்டு குரல்களாக இருப்பதே வீண். விதியை முதலில் சொன்னவர் அவர் அல்ல. அதற்கு முன்பே நெடுங்காலமாக இருந்த தடைதான். அதை ஒரு முழு அமைப்பின் பகுதியாகப் பொருத்தியவர் அவர்.

மூன்றாம் பாகத்தில் பாடகர்களுக்கும் புத்திமதி உண்டு. ஆலயத்தில் முழுக் குரலில் பாட வேண்டும், வீட்டறையில் அடக்கிப் பாட வேண்டும், கேட்பவர் சிரிக்கும்படி உடலை ஆட்டக் கூடாது என்கிறார். உயிரெழுத்துகளைக் கெடுப்பவர்கள் மீது தனிக் கோபம். பெத்ரார்க்கின் ‘ஆஸ்ப்ரோ கோரே எ செல்வாஜ்ஜோ எ குரூதா வோல்யா’ என்ற வரியைச் சிலர் ‘ஆஸ்ப்ரா காரா, எ சல்வாஜ்ஜா எ குரோதா வால்யா’ என்று பாடுகிறார்களாம். அவர்களைக் கேட்டுச் சிரிக்காமல் யாரால் இருக்க முடியும் என்கிறார். உச்சரிப்பைப் பற்றிக் கச்சேரி விமரிசகர்கள் எரிச்சல்படுவது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒன்றுதான் போலும்.

பன்னிரண்டு இசை முறைகள் அவருடைய கண்டுபிடிப்பா?

இல்லை. எட்டாக இருந்ததைப் பன்னிரண்டாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கிளாரேயானுஸ். 1547இல் நூலாக வெளியிட்டார். சார்லினோ அதை எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார். இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. 1571இல் வெளியிட்ட ‘திமோஸ்த்ராத்சியோனி’ நூலில் வரிசையை மட்டும் மாற்றி, சி சுரத்தில் தொடங்கும் முறையை முதலாவதாக வைத்தார்.

இசையமைப்பாளராக அவர் எப்படி?

நல்ல தரம், முதல் வரிசை அல்ல. லத்தீன் மோட்டெட்டுகள், அதாவது பல குரல் பக்திப் பாடல்கள், நாற்பது அளவில் இருக்கின்றன. மாட்ரிகல்கள், அதாவது இத்தாலியக் கவிதைகளுக்கான பல குரல் பாடல்கள், மிகக் குறைவு. 1549இல் ஐந்து குரல் மோட்டெட்டுகளும் 1566இல் ஆறு குரல் மோட்டெட்டுகளும் தொகுப்புகளாக வந்தன. சான் மார்க்கோவில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் பிற்காலத்தில் அச்சில் வந்தது சொற்பம். 1571இல் லெபாந்தோ கடற்போர் வெற்றிக்காக அவர் இசை எழுதினார். அது நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவற்றைக் கேட்டால், எங்கும் அவசரமில்லை, எந்தக் குரலும் மற்றதை இடிப்பதில்லை. எனக்கு அதில் ஒரே குறை, எதிர்பாராதது எதுவும் நடப்பதில்லை என்பது. தன் விதிகளைத் தானே மீறிப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்திருக்கலாம்.

மொந்தெவெர்தி விவகாரத்தில் அவர் பெயர் ஏன் வருகிறது?

சார்லினோவின் மாணவர் ஜொவான்னி மரியா ஆர்துசி, 1600இல் வெளியிட்ட நூலில் இசையமைப்பாளர் மொந்தெவெர்தியின் மாட்ரிகல்களை, பெயர் குறிப்பிடாமல், விதிமீறல் என்று சாடினார். மொந்தெவெர்தி 1605இல் சுருக்கமாகப் பதில் சொன்னார். 1607இல் அவருடைய தம்பி ஜூலியோ செசாரே அதை விரித்து எழுதினார்: வில்லார்ட் நிறைவாக்கி சார்லினோ விதி வகுத்தது ‘முதல் வழக்கம்’, அங்கே இசை எஜமானி. ‘இரண்டாம் வழக்கத்தில்’ சொல் எஜமானி. சார்லினோவை அவமதிக்கவில்லை; மரியாதையோடு ஓரமாக உட்காரவைத்தார்கள். 1613இல் மொந்தெவெர்தி சான் மார்க்கோவின் இசைத் தலைவரானார், சார்லினோ இருந்த அதே பதவியில்.

நெதர்லாந்தின் ஆர்கன் கலைஞர் ஸ்வேலிங்க் அவரிடம் படித்தாரா?

இல்லை. வெனிஸுக்குப் போய்ப் படித்தார் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள், அது தவறு. ஆனால் ஸ்வேலிங்க்கின் பாடக் குறிப்புகள் சார்லினோவின் நூலை அடிப்படையாகக் கொண்டவை. அவருடைய ஜெர்மன் மாணவர்கள் வழியாக அந்தப் பாடம் வடக்கே பரவியது.

பிற்காலத்தில் யார் அவரைப் பொருட்படுத்தினார்கள்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ. 1722இல் பிரான்சில் ஹார்மனி பற்றிய தன் பெரு நூலை எழுதியபோது, பக்கத்துக்குப் பக்கம் சார்லினோவோடு வாதாடினார். நான்கு குரல்களை நான்கு பூதங்களுக்கு ஒப்பிட்டவர் சார்லினோ: கீழ்க் குரல் நிலம், அடுத்தது நீர், அதற்கு மேல் காற்று, உச்சியில் நெருப்பு. நிலம் மற்றவற்றைத் தாங்குவதுபோல் கீழ்க் குரல் ஹார்மனியைத் தாங்குகிறது என்று இவ்வளவு அழகாகச் சொன்னவர், அதிலிருந்து கார்டுகளின் இலக்கணத்தை ஏன் வருவிக்கவில்லை என்பது ராமோவின் ஆதங்கம். நியாயமான ஆதங்கமா? பாதி. சார்லினோவின் உலகத்தில் குரல்கள் கிடையாகப் போகும் வழிகள். ராமோவின் உலகத்தில் அவை நெடுக்காக நிற்கும் தூண்கள். முன்னவரிடம் பின்னவரின் கேள்விக்கு விடை தேடுவது கொஞ்சம் கடுமைதான்.

இசை தவிர வேறு ஏதாவது எழுதினாரா?

நாள்காட்டியைத் திருத்துவது பற்றி 1580இல் ஒரு நூல் எழுதினார். கிரெகரி போப்பின் புதிய நாள்காட்டி 1582இல் வந்தது. ஐரோப்பாவே அந்தக் கணக்கில் மூழ்கியிருந்த நேரம். விகிதங்களில் ஊறிய ஒருவர் அங்கே மூக்கை நுழைத்ததில் வியப்பில்லை. பொறுமையைப் பற்றியும் ஒரு சிறு நூல் உண்டு.

எங்கிருந்து தொடங்கலாம்?

1549 தொகுப்பில் பைபிளின் ‘உன்னதப் பாட்டு’ வரிகளுக்கு அவர் அமைத்த மோட்டெட்டுகள் இருக்கின்றன. ‘நிக்ரா சும்’ அவற்றில் ஒன்று. ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. முதல் முறை கீழ்க் குரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை உச்சக் குரலை. வாசிக்க விரும்புபவர்கள் நூலை முதல் பாகத்திலிருந்து தொடங்க வேண்டாம், விகிதக் கணக்கில் சலித்துவிடும். மூன்றாம் பாகம் 1968இலும் நான்காம் பாகம் 1983இலும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. மூன்றாம் பாகத்தின் இரண்டு குரல் எடுத்துக்காட்டுகளை இன்னொருவரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் ஒரு குரலைக் கீபோர்டில் வாசித்து, மற்றதைப் பாடலாம்.